பழைய மொபெட்டும் டீசல் பைக்கும்: வாசகர் கேள்வி – பதில்

பழைய மொபெட்டுகளைச் சீராக்குவது பற்றியும், சொந்தமாக டீசல் மோட்டார் சைக்கிள் கட்டுவது பற்றியும் கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். குமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களிலிருந்தும் மலையோரத் தோட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால், ஒருவருக்குச் சொல்லும் பதிலை மற்றவர்களும் தங்களுக்கு உரியதாகக் கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: எங்கள் பாட்டா தோவாளைச் சந்தைக்குப் பிச்சிப்பூ கொண்டு போய்க்கொண்டிருந்த டி.வி.எஸ். 50 வண்டி, அவர் காலத்துக்குப் பிறகு பல ஆண்டுகளாக மாட்டுத்தொழுவத்தில் கிடக்கிறது. பெடலை மிதித்தால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. எஞ்சினையே மாற்றிவிடும்படி ஒரு மெக்கானிக் சொல்கிறார். ஐயா, மாற்றத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், தோவாளை

பதில்: மாற்ற வேண்டாம். சுற்றுகிற எஞ்சினைக் கழற்றி எறிவதற்கு எந்தக் காரணமும் இல்லை. 1980-ஆம் ஆண்டு ஓசூரில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் மொபெட் பிரிவு, இருவர் ஏறிச் செல்லக்கூடிய முதல் இந்திய மொபெட்டாக வெளியிட்ட வண்டி அது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இருக்கும் கேம், டைமிங் செயின், வால்வுகள் எதுவும் அதில் இல்லை. நெருப்புப் பொறி, பெட்ரோல், அமுக்கம் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் அது ஓடியே தீர வேண்டும். எனவே அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் பெடலை மிதிப்பதை நிறுத்துங்கள். நெடுநாள் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர் எண்ணெய்ப்பசை இல்லாமல் காய்ந்திருக்கும். அந்த நிலையில் மிதிக்க மிதிக்க ரிங்குகள் சுவரைக் கீறும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிறிதளவு 2டி ஆயிலை (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) ஊற்றி, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கையால் பெடலை மெதுவாகச் சுற்றுங்கள். பிறகு துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு இன்னொருவரை மிதிக்கச் சொன்னால், விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேற வேண்டும். அப்படித் தள்ளினால் அமுக்கம் போதுமானது. தள்ளாவிட்டால் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கலாம் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கலாம். சிலிண்டர் தேய்ந்திருந்தால்கூட 0.25 மி.மீ., 0.50 மி.மீ. என்று படிப்படியாக வரும் ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ஏற்ப நாகர்கோவிலில் உள்ள லேத் பட்டறையில் ரீபோர் செய்துகொள்ளலாம், அதாவது சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்கிக்கொள்ளலாம். அது எஞ்சின் மாற்றத்தைவிட மலிவானது. வண்டியின் எஞ்சின் எண்ணும் மாறாது.

அடுத்து நெருப்பு. உங்கள் வண்டியில் பாயிண்ட் செட் இருந்தால், மேக்னெட்டின் சாளரம் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பாயிண்டின் இரு முகங்களிலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் படிந்திருக்கும். ஈரக்காற்றில் நின்ற வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் முதல் குறை. மிக நைசான உப்புத்தாளால் அந்தப் படலத்தை நீக்கி, பெட்ரோலில் நனைத்த வெள்ளைத்தாளை இரு முகங்களுக்கும் நடுவே வைத்து இழுங்கள். தாள் கறையில்லாமல் வரும்வரை இழுக்க வேண்டும். பாயிண்ட் முழுதாகத் திறந்து நிற்கும்போது இடைவெளி ஏறத்தாழ 0.4 மி.மீ. இருக்க வேண்டும், இதைக் கண்ணளவில் விடாமல் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்தே பாருங்கள். பிளக் இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ. வரை. பிளக்கை ஹெட்டின் மீது படும்படி வைத்து மிதித்தால் நீலநிறத்தில் பொறி விழ வேண்டும். மஞ்சளாகச் சோர்ந்து விழுந்தாலோ, பாயிண்ட் சில நாட்களிலேயே மீண்டும் கருகினாலோ கன்டென்சரை மாற்றுங்கள்.

பெட்ரோல் வழியில் மூன்று இடங்களில் அடைப்பு இருக்கும். டேங்கின் உட்புறம் துருப்பிடித்திருந்தால், கழற்றி எடுத்து, சிறிய நட்டுகளையும் கொஞ்சம் டீசலையும் உள்ளே போட்டுப் பொறுமையாகக் குலுக்கி, கழுவி, வெயிலில் காயவிடுங்கள். டேங்க் காக்கில் உள்ள வலையையும் மறக்க வேண்டாம். கார்பரேட்டரைத் திறந்தால் பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகப் படிந்திருக்கும். ஜெட்டின் துளையை ஊசியாலோ இரும்புக் கம்பியாலோ குத்தாதீர்கள். அத்துளை ஒரு மயிரளவு பெரிதானாலும் கலவை கெட்டுப்போகும். கார்பரேட்டர் கிளீனரும் காற்றுமே போதும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் சைலன்சரின் பின்முனையைப் பாருங்கள். தொழுவத்தில் நின்ற வண்டியில் குளவி மண்கூடு கட்டி வழியை முழுவதும் அடைத்திருக்கக்கூடும். புகை வெளியேற வழியில்லாத இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் எத்தனை மிதித்தாலும் எழாது. ஸ்டார்ட் ஆன பிறகு ஆக்சிலேட்டரை விட்டும் எஞ்சின் தானாக வேகமெடுத்துக் கத்தினால், கிராங்கின் ஆயில் சீல் காய்ந்து வெடித்திருக்கிறது என்று பொருள். உடனே அணைத்துவிட்டு இரு பக்கத்து சீல்களையும் மாற்றுங்கள். அப்படியே ஓட்டினால் வெளிக்காற்று புகுந்து கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முதல் டேங்க் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 40 மி.லி. 2டி ஆயில் கலந்து, வேகம் கூட்டாமல் ஓட்டுங்கள். டயரில் வெடிப்பு தெரிந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிட்டுத்தான் சாலையில் ஏற வேண்டும்.

கேள்வி: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய லூனாவுக்கு ஆகுமா? போட்டதிலிருந்து டியூப் இளகிக் கசிகிறது, வண்டியும் சூடாகிறது.
– ஒரு வாசகர், வடசேரி

பதில்: நீங்கள் பார்த்த இரண்டு குறைகளும் எத்தனாலால் வருபவைதான். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் நாட்டில் படிப்படியாகப் பரவிவிட்டது. 1972-இல் அறிமுகமான லூனா போன்ற வண்டிகளின் ரப்பர் பாகங்கள் அதை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. டியூப், காக்கின் வாஷர், ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனை ஆகியவை ஊறி உப்பும் அல்லது இளகும். எத்தனாலைத் தாங்கும் டியூப் கேட்டு வாங்கி மாற்றுங்கள். விலை சற்றுக் கூடுதலானாலும், சூடான சிலிண்டர் மீது பெட்ரோல் சொட்டும் ஆபத்தைப் பார்க்கும்போது அது பெரிதில்லை.

சூடு கூடுவதும் எத்தனாலால்தான், ஆனால் வேறு வழியில். எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிந்துவிடுகிறது. மெயின் ஜெட்டை ஓர் எண் பெரிதாகப் போட்டு, சில கிலோமீட்டர் ஓட்டியபின் பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் இன்னும் மெலிவு. எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். ஆடிச்சாரலும் ஐப்பசி அடைமழையும் என இரண்டு மழைக்காலங்களைப் பார்க்கும் நம் மாவட்டத்தில், அரை டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தினால் அடியில் தண்ணீர் சேரும். ஒரு மாதத்துக்கு மேல் நிற்குமானால் டேங்கையும் கார்பரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டத்தில் பழைய 350 சி.சி. புல்லட் ஒன்றும், சரக்கு ஆட்டோவிலிருந்து கழற்றிய ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றும் இருக்கின்றன. இது தவிர 5 குதிரைத்திறன் பம்ப்செட் எஞ்சினும் உண்டு. இவற்றில் ஒன்றைப் புல்லட் சட்டத்தில் (பிரேமில்) பொருத்தி டீசல் பைக் கட்ட என் மகனும் நானும் ஆசைப்படுகிறோம். ஒட்டுப்பாலும் ஷீட்டும் ஏற்றிக் குலசேகரம் சந்தைக்குப் போய்வர உதவும். இது முடியுமா?
– ஒரு தோட்ட உரிமையாளர், குலசேகரம்

பதில்: பொறியியல்படி முடியும். ஆனால் சந்தைக்கு ஓட்டிச் செல்ல முடியாது. இரண்டையும் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இதே ஆசையோடு அருமனையிலிருந்தும் திற்பரப்பிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன.

டீசல் மோட்டார் சைக்கிள் நமக்குப் புதிதல்ல. சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு நிறுவனமே 325 சி.சி. டீசல் வண்டியைப் பெருமளவில் தயாரித்து விற்றது. அதன் எஞ்சின் இத்தாலியின் லொம்பார்டினி வடிவமைப்பில் இங்கே கிரீவ்ஸ் தயாரித்தது, திறன் 6.5 குதிரைத்திறன், அதிகபட்சச் சுற்று நிமிடத்துக்கு 3,600. புகை விதிகள் கடுமையானபோது, 2000-ஆம் ஆண்டு வாக்கில் அதன் உற்பத்தி நின்றது. ஜெர்மனியில் சோமர் என்ற சிறு நிறுவனம் என்ஃபீல்டு பாகங்களோடு ஹாட்ஸ் நிறுவனத்தின் எஞ்சினைச் சேர்த்து டீசல் வண்டி கட்டி விற்றது. ஐரோப்பாவில் தனியாட்கள் பலர் யான்மார் வகைச் சிறு எஞ்சின்களைப் பழைய என்ஃபீல்டு சட்டங்களில் பொருத்தி ஓட்டுகிறார்கள். ஆகவே உங்கள் ஆசை வீண் ஆசை அல்ல.

உங்களிடம் உள்ள இரண்டு எஞ்சின்களில் பம்ப்செட் எஞ்சினை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அந்த வகை எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் நாள் முழுவதும் நின்ற இடத்தில் உழைப்பதற்காக வார்ப்பிரும்பில் கனமாகச் செய்யப்படுவது. எடையே 100 கிலோவைத் தாண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 19 அங்குலப் பின்சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 540 முறை சுற்றும். 3,600 சுற்று எஞ்சின் என்றால் டாப் கியரில் மொத்த விகிதம் 6.7 போதும். 1,500 சுற்று எஞ்சினுக்கோ அது 2.8 ஆகிவிடும். புல்லட்டின் பிரைமரி செயினிலும் பின் ஸ்புராக்கெட்டிலும் அந்த விகிதத்தைக் கொண்டுவருவது மிகக் கடினம். கொண்டுவந்தாலும் முதல் கியரில் ஏற்றமே ஏறாது; பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றங்களை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரக்கு ஆட்டோ எஞ்சின் பொருத்தமானது. அதில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் சுழலும் திசை. எஞ்சினை எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் புல்லட் கியர்பாக்ஸ் முன்னோக்கிச் சுற்றும் என்பதைக் கையால் சுற்றிப் பார்த்து உறுதிசெய்த பிறகே பிளேட் வெட்ட வேண்டும். இரண்டாவது, துடிப்பு. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைப்போல இரு மடங்குக்கும் மேலான அமுக்க விகிதத்தில் வேலை செய்கிறது. ஒற்றை சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை விழும் அந்த அடி முழுவதையும் பிரைமரி செயினும் கிளட்சும் தாங்க வேண்டியிருக்கிறது. குறைந்த சுற்றில் உயர் கியரில் இழுத்தால் செயின் அறுவது இதனால்தான். எஞ்சின் பிளேட்டுகளுக்கு மெல்லிய தகடு உதவாது. போல்ட்டுகளை முதல் மணிநேர ஓட்டத்துக்குப் பிறகு கட்டாயம் மீண்டும் இறுக்க வேண்டும், வெல்டிங் விளிம்புகளில் மயிரிழை விரிசல் விழுகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அணைக்கும் வழி. பெட்ரோல் வண்டியில் சாவியைத் திருப்பினால் நெருப்பு நின்றுவிடும். டீசலில் நெருப்பே இல்லை. பம்பில் எரிபொருளை நிறுத்தினால்தான் நிற்கும். ஸ்டாப் லிவரின் கேபிளை ஹேண்டில்பாருக்குக் கொண்டுவாருங்கள். கவர்னரை (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) கழற்றிவிட்டு நேரடியாக ஆக்சிலேட்டர் கேபிளைப் பூட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். கட்டுப்பாடு இழந்த டீசல் எஞ்சின், சிதறும்வரை வேகமெடுக்கும். அப்படி நேர்ந்தால் காற்று உறிஞ்சும் வாயை ஒரு பலகையால் அடைப்பதே வழி. கையால் அடைக்கக் கூடாது.

இனி சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பழுதான எஞ்சினுக்குப் பதிலாக அதே வகை எஞ்சினைப் பதிவு அதிகாரியின் அனுமதியோடு பொருத்துவது வேறு. பெட்ரோல் வண்டியை வேறொரு தயாரிப்பாளரின் டீசல் எஞ்சினுக்கு மாற்றுவது வேறு. இதற்கு 182-ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். சந்தைச் சாலையில் ஒருவர் மீது மோதிவிட்டால், ஆர்.சி.யில் உள்ள வண்டியும் சாலையில் நிற்கும் வண்டியும் ஒன்றல்ல என்று சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் வழக்காடும். அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் கைப்பணத்தில் இழப்பீடு தர வேண்டிய நிலை வரலாம்.

எனவே என் யோசனை இது. உங்கள் மகனின் ஆர்வத்தைத் தடுக்காதீர்கள். ஆனால் புல்லட்டின் சட்டத்தில் வெட்டோ வெல்டிங்கோ வேண்டாம். ஏற்கனவே உள்ள எஞ்சின் துளைகளிலேயே பூட்டக்கூடிய பிளேட்டுகளைச் செய்து, டீசல் எஞ்சினை அவற்றில் ஏற்றுங்கள். கழற்றிய பெட்ரோல் எஞ்சினுக்கு ஆயில் தடவி, துளைகளை அடைத்து, மூடி வையுங்கள். வெளியார் வராத உங்கள் தோட்டத்துப் பாதைக்குள் மட்டும் ஓட்டுங்கள். நாளைக்கு மனம் மாறினால் ஒரு விடுமுறைக்குள் புல்லட் பழையபடி புல்லட்டாகிவிடும். நம் மாவட்டத்தில் நல்ல பழைய வண்டிகள் அழிந்தது பெரும்பாலும் துருவால் அல்ல, பிரேம் கட்டரால்தான் என்பது என் உறுதியான கருத்து. சந்தைக்கு டீசல் வண்டிதான் வேண்டும் என்றால், உயிருள்ள ஆர்.சி.யோடு விற்பனைக்கு வரும் அசல் என்ஃபீல்டு டீசலைத் தேடி வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் அப்படிப்பட்ட அசல் என்ஃபீல்டு டீசல் இருக்கிறது. டேங்க் ஒருமுறை முழுவதும் வற்றியதிலிருந்து உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை. எப்போதாவது பிடித்தால் வெள்ளைப்புகை வருகிறது.
– ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: குழாயில் காற்றுப் புகுந்துவிட்டது. டேங்கில் டீசல் நிரப்பி, ஃபில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்துங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் ஒழுங்காக வழியும்போது இறுக்குங்கள். பம்பில் உள்ள திருகுக்கும் அப்படியே செய்யுங்கள். கடைசியாக இஞ்செக்டர் முனையில் உள்ள பைப் நட்டை அரைச்சுற்றுத் தளர்த்தி, டீகம்ப்ரஷன் லிவரை (அமுக்கத்தை விடுவிக்கும் லிவர்) பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக மிதியுங்கள். அங்கே டீசல் துளிர்த்ததும் நட்டை இறுக்கிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுவதும் திருகி வைத்துக்கொண்டு உதையுங்கள். ஃபில்டரை மாற்றி எத்தனை காலம் ஆயிற்று என்பதையும் பாருங்கள்.

காற்றை நீக்கிய பிறகும் வெள்ளைப்புகை தொடர்ந்தால், டீசல் எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். இஞ்செக்டர் தூவுவதற்குப் பதில் சொட்டலாம், அல்லது அமுக்கம் குறைந்திருக்கலாம். கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரையும் சுமையையும் பாருங்கள். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். இஞ்செக்டரை வீட்டில் பிரித்து, எஞ்சினைச் சுற்றி, தூவலைக் கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தத் தூவல் சில நூறு வளிமண்டல அழுத்தத்தில் வரக்கூடியது. தோலைத் துளைத்துக்கொண்டு டீசல் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளிபோல் மட்டுமே தெரியும், வலியும் முதலில் இருக்காது. அப்படி நேர்ந்தவர் காத்திருக்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே புகுந்தது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும். இஞ்செக்டரைப் பம்ப் காலிபரேஷன் செய்யும் பட்டறையில் கொடுத்துச் சோதிப்பதே முறை.

கேள்வி: என் கணவர் குளச்சல் துறையிலிருந்து மீன் எடுத்து விற்க எம் 80 வண்டிதான் வைத்திருக்கிறார். சட்டம் அடிக்கடி துருப்பிடித்து ஒடிகிறது. வள்ளத்துக்கு வாங்கிய மண்ணெண்ணெயில் மிச்சத்தைப் பெட்ரோலோடு கலந்தும் ஓட்டுகிறார். சொன்னால் கேட்பதில்லை, நீங்கள் எழுதினால் கேட்பார்.
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: அம்மா, மண்ணெண்ணெயைப் பற்றி முதலில் உங்கள் கணவருக்கே எழுதுகிறேன். அண்ணாச்சி, மண்ணெண்ணெயின் ஆக்டேன் அளவு (தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) பெட்ரோலைவிட மிகக் குறைவு. ஏற்றத்தில் சுமையோடு இழுக்கும்போது அது பொறி விழுவதற்கு அப்பாலும் தாறுமாறாக வெடித்து, பிஸ்டனின் தலையைச் சுட்டு ஓட்டை போடும். எரியாத மிச்சம் கரியாகிச் சைலன்சரை அடைக்கும். ரீபோருக்கும் பிஸ்டனுக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டால், கலந்து மிச்சப்படுத்தியது எதுவும் கையில் நிற்காது. மீன்பிடிக்கென்று மானிய விலையில் கொடுக்கும் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் தவறு.

துருவுக்கு வருவோம். மீனோடு வரும் கடல்நீரும் ஐஸ் உருகிய நீரும் சேர்ந்து பெட்டியின் அடியிலிருந்து சட்டத்தின் மூட்டுகளுக்குள் இறங்குகின்றன. மேலே எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் துரு உள்ளிருந்து வருவதால் பயனில்லை. பெட்டிக்கு அடியில் விளிம்பு உயர்ந்த ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்து, அதில் ஒரு டியூபைப் பொருத்தி, தண்ணீர் பின்சக்கரத்துக்குப் பின்னால் தரையில் விழும்படி செய்யுங்கள். இந்த ஒரு வேலையே வண்டியின் ஆயுளைப் பல ஆண்டுகள் கூட்டும். வியாபாரம் முடிந்த அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். மறுநாள் கழுவினால் உப்பு வேலையைத் தொடங்கியிருக்கும். சட்டத்தை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று ஒலிக்கும் இடம் நல்லது. மந்தமாக ஒலிக்கும் இடத்தில் தகடு அரித்துப்போயிருக்கிறது. அந்த இடத்தின் மேலேயே தகடு வைத்து வெல்டிங் செய்தால் மீண்டும் பக்கத்தில் ஒடியும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத்தகடு வைக்க வேண்டும். இங்கே வெட்டுவது அவசியமான வெட்டு. விளக்கு மங்கினால் பல்பை மாற்றும் முன் எர்த் ஒயர் சட்டத்தில் சேரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, வாசலின் தடவுங்கள்.

மலையோரத்து வாசகர்களும் இதைக் கவனிக்கலாம். ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்தைக் கேனில் வைத்து மொபெட்டில் கொண்டுபோகும்போது சிந்தும் துளிகள், கடல்நீரைவிட விரைவாக இரும்பை அரிக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் 1970-களின் தொடக்கத்தில் வாங்கிய சுவேகா மொபெட் இருக்கிறது. வின்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய முடியுமா? பெல்ட் நழுவுகிறது, அசல் பெல்ட் கிடைக்கவில்லை.
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: திருப்பதியில் மொபெட்ஸ் இந்தியா நிறுவனம் பிரான்சின் மோட்டோபெக்கான் உரிமத்தில் செய்த வண்டி சுவேகா. அதைக் காப்பாற்றி வைத்திருக்கும் உங்கள் குடும்பத்தை மனதாரப் பாராட்டுகிறேன். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, வணிகப் பயன்பாட்டில் இல்லாமல், அசல் வடிவம் பெரிதும் மாறாமல் இருக்கும் இருசக்கர வண்டிகளையும் வின்டேஜாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், அது 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, வின்டேஜ் ரேலி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்; அன்றாடம் கடைக்கும் கோயிலுக்கும் ஓட்ட முடியாது. அன்றாடம் ஓட்ட விரும்பினால் வழக்கமான ஆர்.சி.யையே 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு போங்கள். எந்த வழியில் போனாலும் சேசிஸ் எண்ணின் மீது பெயின்டோ பட்டியோ படவிடாதீர்கள். (1980-களின் வண்டிகளை வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்ட மற்றவர்கள் இன்னும் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.)

பெல்ட் விஷயத்தில், உங்களுடையது வேரியேட்டர் உள்ள மாடல் என்றால், வேகம் கூடும்போது முன்புல்லியின் தட்டுகள் நெருங்கி, பெல்ட் மேலேறி, எஞ்சினே தன் அச்சில் சற்றுப் பின்னோக்கி நகரும். அந்த அச்சின் புஷ் இறுகியிருந்தாலோ, எஞ்சினை முன்னே இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ புதுப் பெல்ட்டும் நழுவத்தான் செய்யும். முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். பிறகு பழைய பெல்ட்டின் மேல் அகலம், உயரம், வெளிச்சுற்றளவு மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு, மாவுமில், லேத் இயந்திரங்களுக்குப் பெல்ட் விற்கும் கடையில் கேளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. வீட்டில் டி.வி.எஸ். 50, எக்ஸ்.எல். சூப்பர் இரண்டும் உள்ளன. டியூஷனுக்கு ஓட்டிப் போகலாமா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: லைசென்ஸ் எடுத்தால் டி.வி.எஸ். 50-ஐ ஓட்டலாம், எக்ஸ்.எல். சூப்பரை ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டும் 16 வயதில் அனுமதிக்கிறது. எக்ஸ்.எல். சூப்பர் 69.9 சி.சி., எக்ஸ்.எல். 100 வண்டி 99.7 சி.சி.; இரண்டுக்கும் 18 வயது ஆக வேண்டும். ஆர்.சி.யில் குறித்துள்ள கன அளவைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, பெற்றோர் ஒப்புதலோடு கியர் இல்லாத வண்டிக்கான எல்.எல்.ஆர். விண்ணப்பியுங்கள். ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும், ஹெல்மெட் கட்டாயம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால், 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமிருக்கிறது. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும். டியூஷனுக்கு அனுப்பும் முன், முன்பின் பிரேக் ஷூக்களையும் கேபிள்களையும் மாற்றிவிடுங்கள். பழைய வண்டியில் சிறு பையன் ஏறும்போது எஞ்சினைவிட அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.